எப்போதாவது பயன்படும் இரண்டாவது ஃபிரிட்ஜ்: திருமலைக் காற்றில் கெடாமல் வைத்திருக்க முழுமையான வழிகாட்டி

திருமலையில், அதாவது திருகோணமலையில், பல வீடுகளில் இப்போது இரண்டாவது ஃபிரிட்ஜ் ஒன்று இருக்கிறது. புதியது வந்ததும் பழையது பின் குசினிக்கோ விறாந்தைக்கோ போய்விடும். அப்புறம் கலியாணம், அந்தியேட்டி, திருவிழா, ஆடி ஆவணியில் வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் வருவது என்று வருடத்தில் சில தடவைதான் அதற்கு வேலை. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் விருந்தினர் விடுதி வைத்திருப்பவர்களுக்கும் இதே கதைதான், சீசன் முடிந்தால் அடுத்த சீசன் வரை ஃபிரிட்ஜ் சும்மா நிற்கும்.

நான் பார்த்தவரை எங்கள் ஊரில் ஓடுகிற ஃபிரிட்ஜைவிட சும்மா நிற்கிற ஃபிரிட்ஜ்தான் சீக்கிரம் பழுதாகிறது. அதற்கு நல்ல நிலை இரண்டுதான். ஒன்று, சாமானோடு விடாமல் ஓட வேண்டும். மற்றது, வெறுமையாக, காய்ந்து, கதவு திறந்து நிற்க வேண்டும். பிளக்கைக் கழற்றிக் கதவைச் சாத்திவிட்டுப் போவதும், நாலு நாளைக்கு ஒருமுறை போட்டுப் போட்டு நிறுத்துவதும்தான் எல்லாக் கேட்டுக்கும் தொடக்கம். கீழே உள்ளதை வரிசை மாற்றாமல் செய்யுங்கள், ஒவ்வொரு படியும் அதற்கு முன் உள்ள படியை நம்பித்தான் இருக்கிறது.

1. முதலில் கையில் எடுத்து வைக்க வேண்டியவை

மெல்லிய பருத்தித் துணி நாலைந்து, பழைய டூத் பிரஷ், மெதுவான தூசித் தூரிகை, டோர்ச், அப்பச்சோடா, வினாகிரி அல்லது தேசிக்காய், சிரட்டைக் கரி, ஒரு மரத்துண்டு, நைலோன் கயிறு, பழைய நுளம்பு வலைத் துண்டு. இவ்வளவும் வீட்டில் இருக்கும்.

வாங்க வேண்டியவை இரண்டு. ஒன்று, ஃபிரிட்ஜுக்குள் வைக்கும் சிறிய வெப்பமானி. மற்றது, கரண்ட் போய் வந்தால் சில நிமிடம் தாமதித்துத் திறக்கும் வோல்ட்டேஜ் கார்ட். இரண்டையும் வீண் செலவு என்று பலர் விட்டுவிடுகிறார்கள். வெப்பமானி இல்லாமல் உள்ளே குளிர் சரியா என்று கையால் தொட்டுப் பார்த்துச் சொல்ல முடியாது. 4 பாகைக்கும் 9 பாகைக்கும் கைக்கு வித்தியாசம் தெரியாது, மீனுக்கும் பாலுக்கும் தெரியும்.

தண்ணீரிலும் கவனம் வேண்டும். கடற்கரைப் பக்கத்துக் கிணறு உவராக இருந்தால் அந்தத் தண்ணீரால் ஃபிரிட்ஜைத் துடைக்காதீர்கள். உப்பை எடுக்கப் போய் உப்பைப் பூசி வைத்ததாகிவிடும். குழாய்த் தண்ணீர் ஒரு வாளி போதும்.

2. ஸ்டிக்கரை வாசியுங்கள்

கதவின் உட்பக்கச் சுவரிலோ பின்னால் கொம்பிரசர் (வாயுவை அழுத்திச் சுற்றவிடும் மோட்டார்) பக்கமோ ஒரு ஸ்டிக்கர் இருக்கும். உப்புக் காற்றில் எழுத்து அழிந்துபோகும் என்பதால் முதல் வேலையாக அதை ஃபோனில் படம் எடுத்து வையுங்கள். அதில் பார்க்க வேண்டியவை மூன்று.

முதலாவது காலநிலை வகுப்பு. 'டி' (T) என்று இருந்தால் 43 பாகை வரை வெப்பமான இடத்தில் வேலை செய்யும்படி செய்தது. 'எஸ்டி' (ST) என்றால் 38 வரை, 'என்' (N) அல்லது 'எஸ்என்' (SN) என்றால் 32 வரைதான். கச்சான் காற்று வீசும் மாதங்களில் இங்கே பகலில் 35 பாகையைத் தாண்டுவது சாதாரணம். வெளிநாட்டிலிருந்து யாராவது சாமான்களோடு அனுப்பிய ஃபிரிட்ஜ் 'என்' வகுப்பாக இருந்தால், விறாந்தையில் வைத்துவிட்டு "குளிருதில்லை" என்று அதைக் குறை சொல்லிப் பயனில்லை. வீட்டுக்குள் குளிர்ச்சியான மூலையில்தான் அது நிற்க வேண்டும்.

இரண்டாவது, உள்ளே இருக்கும் வாயு. 'ஆர் 600 ஏ' (R600a) என்று இருந்தால் அது ஐசோபியூட்டேன், எரியக்கூடியது. அளவு சில பத்துக் கிராம்தான் இருக்கும், பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் குழாயில் ஓட்டை விழுந்து உஸ் என்று சத்தம் கேட்டால் சுவிட்ச் எதையும் தொடாமல், அடுப்பு நெருப்பை அணைத்து, கதவு யன்னல்களைத் திறந்துவிட்டு வெளியே வாருங்கள்.

மூன்றாவது, 24 மணிநேரத்தில் எத்தனை கிலோவை உறையவைக்கும் என்ற கணக்கு. வீட்டு ஃபிரிட்ஜ்களில் பெரும்பாலும் சில கிலோதான் எழுதியிருக்கும். கலியாணத்துக்கு வாங்கிய மீன் ஏன் கெட்டது என்பதற்கான பதில் அந்த எண்ணில் இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன்.

கூடவே உங்களுடையது ஐஸ் கட்டுகிற வகையா, தானாக ஐஸ் நீக்குகிற 'நோ ஃப்ரொஸ்ட்' வகையா என்று தெரிந்துகொள்ளுங்கள். ஃப்ரீசருக்குள் காற்றடிக்கும் துவாரங்கள் இருந்தால் இரண்டாவது வகை. நிறுத்தும்போது இரண்டுக்கும் நேரம் வேறு.

3. ஓட விடுவதா, நிறுத்துவதா

இதை மனம்போனபடி முடிவு செய்யாதீர்கள். பழைய 200 லீட்டர் பெட்டி ஒன்று ஒரு நாளைக்குச் சுமார் ஒரு யூனிட் எடுக்கும் என்று வைத்தால் மாதம் 30 யூனிட். மின்கட்டணம் இங்கே படிப்படியாக ஏறுவது, 60, 90, 120, 180 என்று ஒவ்வொரு படியைத் தாண்டும்போதும் யூனிட் விலை கூடும். ஆகவே இரண்டாவது ஃபிரிட்ஜின் 30 யூனிட்டும் உங்கள் பில்லில் மேல் படியின் விலையில்தான் விழும். ஏற்கெனவே 85 யூனிட்டில் நிற்கும் வீட்டுக்கு இது பெரிய வித்தியாசம்.

உங்கள் ஃபிரிட்ஜ் உண்மையில் எவ்வளவு எடுக்கிறது என்று அறிய, வீட்டில் ஆளில்லாத ஒரு நாளில் மற்றதெல்லாவற்றையும் நிறுத்திவிட்டு மீட்டரைக் காலையிலும் மாலையிலும் பாருங்கள்.

என் கணக்கு இதுதான்: அடுத்த தேவைக்கு இரண்டு மூன்று கிழமைக்கு மேல் இருந்தால் நிறுத்துங்கள். அதற்குள் மறுபடி தேவை என்றால் ஓடவிடுங்கள். காய வைத்து, திறந்து வைத்து, மறுபடி போட்டுக் குளிர வைப்பது இரண்டு மூன்று நாள் வேலை. குறுகிய இடைவெளிக்கு அந்த வேலையை யாரும் ஒழுங்காகச் செய்வதில்லை, கடைசியில் கதவைச் சாத்தி வைத்துவிடுவார்கள்.

4. இடமும் பிளக்கும்

பின்பக்கம் ஒரு சாண் இடைவெளி, பக்கங்களில் நாலு விரல், மேலே திறந்த வெளி. சூடு வெளியே போகாவிட்டால் கொம்பிரசர் ஓய்வில்லாமல் ஓடும். தகரக் கூரைக்கு நேர் கீழே, மேற்கு வெயில் படும் சுவரோரம், விறகடுப்புப் பக்கம் மூன்றும் வேண்டாம். கடலைப் பார்த்த திறந்த விறாந்தையும் வேண்டாம், அங்கே காற்றில் வரும் உப்பு நேரே பின்பக்கக் குழாய்களில் போய்ப் படியும்.

தரையில் நேராக வைக்காமல் ஸ்டாண்ட் அல்லது சீமெந்துக் கல்லின் மேல் ஏற்றி வையுங்கள். ஐப்பசி முதல் தை வரை வாடைக் காற்று மழையில் தாழ்வான பகுதிகளில் தண்ணீர் நிற்கும். கொம்பிரசர் இருக்கும் அடிப்பகுதிக்குள் வெள்ளம் போயிருந்தால், திருத்துபவர் பார்க்கும் வரை பிளக்கில் போடவே கூடாது. அடி காய்ந்துவிட்டது போலத் தெரிந்தாலும் கொம்பிரசரைத் தொடக்கிவிடும் ரிலேக்குள் சேறும் உப்பும் இருக்கும்.

எக்ஸ்டென்ஷன் கோடில் ஃபிரிட்ஜைப் போடுவதை எத்தனை வீட்டில் பார்த்தாயிற்று. கொம்பிரசர் தொடங்கும் நொடியில் ஓடும்போது எடுப்பதைவிடப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். மெல்லிய வயர், தளர்ந்த பொயின்ட், பழைய உருண்டைப் பிளக்குக்கும் 13 அம்பியர் பொயின்ட்டுக்கும் இடையில் ஒரு அடப்டர் என்று இருந்தால் அங்கேதான் சூடேறிக் கருகும். சுவர்ப் பொயின்ட்டில் நேராக, எர்த்தோடு போடுங்கள். கைவசம் உள்ள பிளக் பொயின்ட்டுக்குப் பொருந்தாவிட்டால் அடப்டர் தேடாமல் பிளக்கையே மாற்றுவிக்கலாம்.

5. நிறுத்தும் முறை

அதிகம் பிழைப்பது இங்கேதான், அவசரப்படாமல் செய்யுங்கள். ஒரு முழு நாள் வீட்டில் இருக்கும்போது தொடங்குங்கள்.

முதலில் சாமான்களை வெளியே எடுங்கள். ஒரு போத்தல் ஊறுகாய், பாதிச் சோஸ் என்று ஒன்றும் மிஞ்சக் கூடாது. கதவுத் தட்டில் மறந்துபோன சட்னிப் போத்தல்தான் இரண்டு மாதத்தில் பூஞ்சணத்தை எங்கும் பரப்பும்.

அடுத்து சுவிட்சை நிறுத்திப் பிளக்கைக் கழற்றுங்கள். தெர்மோஸ்டாட்டைப் பூச்சியத்துக்குத் திருப்புவது போதாது, பல மாடல்களில் பூச்சியத்தில் வைத்தாலும் வயர் வரை மின்சாரம் நிற்கும்.

இப்போது ஐஸ் உருக விடுங்கள். ஐஸ் கட்டுகிற வகை என்றால் ஒரு இரவு போதும். உள்ளே ஒரு பாத்திரத்தில் சுடுதண்ணீர் வைத்தாலோ மேசை விசிறியைத் திறந்த கதவுக்கு நேரே வைத்தாலோ இன்னும் கெதியாக உருகும். கத்தி, ஸ்க்ரூ டிரைவர், கரண்டிக் காம்பு எதையும் கொண்டு ஐஸை நெம்பாதீர்கள். ஐஸ் ஒட்டியிருக்கும் அலுமினியத் தகட்டுக்குள்தான் வாயு ஓடும் வழி இருக்கிறது. மெல்லிய தகடு, ஒரு குத்தில் ஓட்டை விழும், பழைய பெட்டிக்கு அதைத் திருத்துகிற செலவு கட்டுபடியாகாது.

நோ ஃப்ரொஸ்ட் வகையில்தான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். ஐஸ் கண்ணுக்குத் தெரியாததால் துடைத்துவிட்டு ஒரு மணிநேரத்தில் மூடிவிடுவார்கள். ஐஸ் இருப்பது ஃப்ரீசரின் பின் தகட்டுக்குப் பின்னால். அது முழுதாக உருகி வடிய 24 மணிநேரமாவது கதவு திறந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் துடைத்துப் போன பிறகு உள்ளேயே தண்ணீர் தேங்கி, அதிலிருந்து மணம் தொடங்கும்.

உருகியதும் உள்ளே கழுவுங்கள். ஒரு லீட்டர் இளஞ்சூட்டுத் தண்ணீருக்கு இரண்டு மேசைக்கரண்டி அப்பச்சோடா. பால், தயிர் புளித்த மணத்தை அது எடுக்கும், ஏனென்றால் புளிப்பு அமிலம், சோடா காரம். மீன் மணத்துக்கு நேர்மாறு. மீனின் வெடுக்கே காரத்தன்மை உள்ள பொருளால் வருவது, அதற்கு வினாகிரியோ தேசிக்காய்ச் சாறோ கலந்த தண்ணீர்தான் வேலை செய்யும். சூரையும் கணவாயும் வைத்த ஃபிரிட்ஜை அப்பச்சோடாவால் எத்தனை தடவை துடைத்தாலும் மணம் போகாததற்குக் காரணம் இது. இரண்டையும் ஒன்றாகக் கலக்காதீர்கள், ஒன்றை ஒன்று அடித்துவிடும். பிளீச்சை எடுத்தால் வினாகிரியை அருகிலேயே கொண்டுவர வேண்டாம், நச்சு வாயு வரும்.

பிறகு கதவு ரப்பர். மடிப்பு மடிப்பாக விரித்து டூத் பிரஷால் சவர்க்காரத் தண்ணீர் தொட்டுத் தேய்த்து, வெறும் தண்ணீரால் துடைத்து, காய்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். மடிப்புக்குள் ஈரம் நின்றால் கறுப்புப் புள்ளி விழும், விழுந்தால் பிறகு போகாது.

உள்ளே பின்சுவரின் அடியில் சிறிய வடிகால் துளை இருக்கும். அதற்குள் இளஞ்சூட்டுத் தண்ணீர் மெதுவாக ஊற்றிப் பின்னால் இறங்குகிறதா என்று பாருங்கள். இறங்காவிட்டால் மெல்லிய பிளாஸ்டிக் ஸ்ட்ரோ ஒன்றால் தள்ளுங்கள், கம்பி வேண்டாம்.

கடைசியாக, கதவு. மூன்று நாலு விரல் அகலத்துக்குத் திறந்து மரத்துண்டைச் செருகிக் கயிற்றால் கட்டுங்கள், மூடவும் கூடாது, அகலத் திறக்கவும் கூடாது. காற்று உள்ளே போய் வந்தபடி இருந்தால் பூஞ்சணம் பிடிக்காது. இடைவெளியில் நுளம்பு வலைத் துண்டை ஒட்டிவிட்டால் பல்லியும் கரப்பானும் குடிவராது. உள்ளே ஒரு கிண்ணத்தில் சிரட்டைக் கரி வையுங்கள்.

பிள்ளைகள் உள்ள வீடு என்றால் இதை ஒரு தடவை சத்தமாக வாசியுங்கள்: வெறும் ஃபிரிட்ஜ் ஒளித்து விளையாட நல்ல இடமாகத்தான் பிள்ளைக்குத் தெரியும். உள்ளே போய்க் கதவு மூடிக்கொண்டால் காற்றில்லை, சத்தமும் வெளியே கேட்காது. கழுவிய தட்டுகளைத் திரும்ப உள்ளே போட்டே வையுங்கள், தட்டு இருந்தால் பிள்ளை நுழைய இடமில்லை. கயிற்றைப் பிள்ளை அவிழ்க்க முடியாத உயரத்தில் முடியுங்கள்.

6. பின்னால் இருக்கும் தண்ணீர்த் தட்டு

இதற்குத் தனித் தலைப்பே கொடுக்கிறேன். கொம்பிரசருக்கு மேலே ஒரு பிளாஸ்டிக் தட்டு இருக்கிறது. ஐஸ் உருகி வடிகிற தண்ணீர் அதில்தான் சேரும். ஃபிரிட்ஜ் ஓடும்போது கொம்பிரசர் சூட்டில் அது ஆவியாகிவிடும். நிறுத்தினால் சூடு இல்லை, அதுவும் நிறுத்துகிற அன்றுதான் உள்ளிருந்த ஐஸ் முழுவதும் உருகித் தட்டை நிரப்புகிறது. தெளிந்த தண்ணீர், நிழல், யாரும் தொடாத மூலை. டெங்கு நுளம்புக்கு வேறென்ன வேண்டும்?

முட்டை நுளம்பாக ஒரு கிழமை பத்து நாள் போதும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் வீட்டுக்கு வந்தால் பூச்சாடித் தட்டோடு ஃபிரிட்ஜின் பின்பக்கத்தையும் பார்ப்பது இதனால்தான்.

ஆகவே பிளக் கழன்றிருக்கிறதா என்று இன்னொரு தடவை பார்த்துவிட்டு, ஐஸ் முழுதாக உருகிய அடுத்த நாள் தட்டை இழுத்து எடுத்துக் கவிழுங்கள். கழற்ற முடியாத மாடல் என்றால் துணியால் உறிஞ்சி எடுங்கள். தண்ணீரை ஊற்றுவதோடு விடாமல் பிரஷால் ஓரத்தைச் சுற்றித் தேய்க்க வேண்டும். டெங்கு நுளம்பின் முட்டை தண்ணீர்க் கோட்டுக்குச் சற்று மேலே ஒட்டிக்கொண்டு, காய்ந்த நிலையிலேயே மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். ஆறு மாதம் கழித்து நீங்கள் ஃபிரிட்ஜைப் போட்டுத் தட்டில் தண்ணீர் விழுந்ததும் பொரிக்கும்.

7. உப்பும் கறளும்

பின்பக்கத்தில் கம்பிக் கூடு வெளியே தெரிகிற மாடல் என்றால் முதலில் காய்ந்த தூரிகையால் தூசி தட்டி, பிறகு நல்ல தண்ணீரில் நனைத்து இறுகப் பிழிந்த துணியால் மேலிருந்து கீழாகத் துடைத்து, உடனே காய்ந்த துணியால் ஒற்றுங்கள். உப்பு தானாகவே காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், தூசி அதோடு சேர்ந்து பசையாகும், அந்தப் பசைக்கு அடியில்தான் இரும்பு கறள் பிடிக்கிறது. காய்ந்த துணியால் மட்டும் தட்டினால் உப்பு போகாது.

கறள் புள்ளி தெரிந்தால் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துக் கறள் தடுப்புப் பெயின்ட் ஒரு கை பூசுங்கள். உடம்பின் தகட்டிலும் அடிச்சட்டத்திலும் மட்டும். மெல்லிய குழாய்களைத் தேய்க்காதீர்கள். கம்பிக் கூட்டில் தடிப்பாகப் பெயின்ட் அடித்தால் சூடு வெளியேறாது.

பிளக் பின்களைத் துடைத்துக் காய வைத்து, ஒரு சிறு பொலித்தீன் பையில் போட்டு ரப்பர் பட்டியால் கட்டித் தொங்கவிடுங்கள். பச்சையாகக் களிம்பு பிடித்த பிளக் பின் பொயின்ட்டில் சரியாகத் தொடாது, தொடாத இடம் சூடாகும்.

ஃபிரிட்ஜ் முழுவதையும் பொலித்தீன் சீற்றால் இறுக மூடி வைப்பது இங்கே பரவலான பழக்கம். தயவுசெய்து வேண்டாம். ஈரம் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். மூட வேண்டுமென்றால் மேலே மட்டும் ஒரு பழைய பருத்திச் சேலையைப் போடுங்கள்.

8. சும்மா நிற்கும் மாதங்களில்

மாதம் ஒருமுறை ஐந்து நிமிடம் டோர்ச்சோடு பின்னால் பாருங்கள். எலிப் புழுக்கை, கடித்த வயர், எறும்புப் புற்று, தட்டில் மழைத் தண்ணீர். எலிக்குக் கொம்பிரசர் மூலை மிகவும் பிடித்த இடம்.

கொம்பிரசர் இறுகிப்போகாமல் இருக்க மாதாமாதம் ஓட விட வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். அது வாகன ஏசிக்குச் சொல்கிற விதி. வாகனத்தில் கொம்பிரசரின் அச்சு வெளியே வருகிற இடத்தில் ஒரு சீல் இருக்கிறது, அது காயக்கூடாது. வீட்டு ஃபிரிட்ஜின் கொம்பிரசர் முழுவதும் ஒட்டி மூடிய பாத்திரம், அப்படி ஒரு சீல் அதில் இல்லை. சும்மா போட்டு ஒரு மணிநேரத்தில் நிறுத்தினால் உள்ளே வியர்த்து ஈரம்தான் மிஞ்சும், நீங்கள் காய வைத்ததெல்லாம் வீண்.

ஆனால் விசேஷத்துக்கு இரண்டு கிழமைக்கு முன் ஒரு சோதனை ஓட்டம் கட்டாயம். பழுதிருந்தால் திருத்த நேரம் வேண்டும், முதல்நாள் போட்டுப் பார்ப்பவர்களுக்கு அந்த நேரம் கிடைப்பதில்லை.

9. மறுபடி போடும் முறை

இடம் மாற்றினீர்களா? நிமிர்த்தியே கொண்டுவந்தால் மூன்று நாலு மணிநேரம் விடுங்கள். முச்சக்கர வண்டியிலோ லொறியிலோ படுக்க வைத்துக் கொண்டுவந்திருந்தால் ஒரு முழு நாள் நிமிர்த்தி வைக்க வேண்டும். கொம்பிரசரின் எண்ணெய் குழாய்களுக்குள் ஓடியிருக்கும், அது திரும்ப இறங்குமுன் போட்டால் எண்ணெயில்லாமல் ஓடும்.

உள்ளே துடைத்து, வலையையும் கரியையும் எடுத்து, தட்டைப் பார்த்து, கதவு ரப்பரைச் சோதியுங்கள். ஒரு தாளைக் கதவுக்கிடையில் வைத்து மூடி இழுங்கள், சற்று இறுக்கமாக வர வேண்டும். நாலு பக்கமும் பாருங்கள். வழுக்கி வந்தால் அந்த இடத்து ரப்பரைச் சுடுதண்ணீர்த் துணியால் ஒற்றிக் கையால் இழுத்து நேராக்குங்கள், பெரும்பாலும் திரும்பிவரும்.

பிளக்கைப் போட்டதும் வீட்டு ட்ரிப் சுவிட்ச் விழுந்தால் மறுபடி மறுபடி போட்டுப் பார்க்காதீர்கள். ஈரமோ உப்போ எங்கோ மின்சாரத்தைக் கசிய விடுகிறது. ஒரு நாள் விசிறிக் காற்றில் காய விடுங்கள், அதற்குப் பிறகும் விழுந்தால் ஆளைக் கூப்பிடுங்கள். ட்ரிப் சுவிட்சைத் தாண்டி வேறு வயர் கொடுப்பது உயிரோடு விளையாட்டு.

ஓடத் தொடங்கினால் வெறுமையாகவே விடுங்கள். ஒரு கிளாஸ் தண்ணீருக்குள் வெப்பமானியைப் போட்டு நடுத்தட்டில் வையுங்கள், காற்றின் வெப்பம் கதவைத் திறந்ததும் மாறிவிடும், தண்ணீரின் வெப்பம் உண்மையைச் சொல்லும். அடுத்த நாள் காலையில் அது 4 பாகைக்குள் இருக்க வேண்டும், ஃப்ரீசர் மைனஸ் 18. பக்கச் சுவர் சூடாக இருந்தால் பதறாதீர்கள், பல மாடல்களில் சூட்டை வெளியேற்றும் குழாய் அந்தச் சுவருக்குள்தான் ஓடுகிறது.

10. சாமான் வைக்கும் ஒழுங்கு

இருபது கிலோ மீனை ஒரே நேரத்தில் ஃப்ரீசருக்குள் திணிப்பதுதான் விசேஷ வீடுகளில் நடக்கும் பெரிய பிழை. ஸ்டிக்கரில் சில கிலோ என்று போட்டிருந்தது நினைவிருக்கிறதா? அதற்கு மேல் போட்டால் நடுவில் இருக்கும் பொதி ஒரு நாள் முழுக்க வெதுவெதுப்பாகவே கிடக்கும். சூரை போன்ற மீன்களில் அந்த நேரத்தில் ஹிஸ்டமின் என்ற நஞ்சு உண்டாகும், பிறகு எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது அழியாது. சாப்பிட்டவர்களுக்கு முகம் சிவந்து, தலையிடித்து, உடம்பு கடிக்கும்.

மீனை வாங்கும்போதே நொறுக்கிய ஐஸும் வாங்கி ரெஜிபோம் பெட்டியில் அடுக்குங்கள். சுத்தம் செய்து, இரண்டு விரல் தடிப்புக்கு மேல் போகாமல் தட்டையான பொதிகளாகக் கட்டி, முதல் நாள் கொஞ்சம், அடுத்த நாள் கொஞ்சம் என்று ஃப்ரீசருக்கு மாற்றுங்கள். மிச்சம் ஐஸிலேயே இருக்கட்டும். ஐஸுக்குள் புதைந்த மீன் நிரம்பி வழிகிற ஃப்ரீசரில் உள்ள மீனைவிடப் பத்திரம்.

மூதூர், கிண்ணியாப் பக்கத்துத் தயிர்ச் சட்டிகளை அடுக்குவதானால் கீழ்த் தட்டில், கண்ணாடித் தட்டின் நடுவில் பாரம் விழாமல் வையுங்கள். சூடான கறிச்சட்டி உள்ளே போகக் கூடாது, அகலமான பாத்திரங்களில் பிரித்து ஆறவிட்டு வையுங்கள். இன்சுலின் போன்ற மருந்தை எப்போதாவது ஓடும் ஃபிரிட்ஜில் வைக்கவே வேண்டாம். அது 2 முதல் 8 பாகைக்குள் நிற்க வேண்டிய மருந்து, தினமும் பார்க்கிற ஃபிரிட்ஜில்தான் இருக்க வேண்டும்.

11. ஓடியபடியே விடுவதென்றால்

வெறுமையாக ஓட விடாதீர்கள். முக்கால் பங்கு நிரப்பிய தண்ணீர்ப் போத்தல்களை உள்ளேயும் ஃப்ரீசரிலும் அடுக்குங்கள், உறையும்போது தண்ணீர் விரியும் என்பதால் முழுதாக நிரப்ப வேண்டாம். கரண்ட் போனால் அந்தக் குளிர்தான் சாமானைக் காக்கும்.

தினம் திறக்காத ஃப்ரீசருக்கு ஒரு சின்ன ஏற்பாடு: ஒரு கப் தண்ணீரை உறைய வைத்து, மேலே ஐந்து ரூபாய்க் குற்றி ஒன்றை வைத்துவிடுங்கள். நீங்கள் இல்லாதபோது நெடுநேரம் கரண்ட் போய்வந்திருந்தால் எல்லாம் மறுபடி உறைந்து பார்வைக்கு நன்றாகவே இருக்கும், ஆனால் குற்றி கப்பின் அடியில் கிடக்கும். அப்படியானால் உள்ளே இருக்கும் மீன், இறைச்சி எல்லாவற்றையும் எறிந்துவிடுங்கள்.

ஐஸ் அரை சென்ரிமீற்றருக்கு மேல் தடித்தால் உருக்குங்கள், அது கம்பளி போலக் குளிரைத் தடுக்கும்.

12. கரண்ட் போனால்

பிளக்கைக் கழற்றுங்கள், கதவைத் திறக்காதீர்கள். மூடியபடியே இருந்தால் கீழ்ப்பகுதி நாலு மணிநேரம் தாங்கும். நிரம்பிய ஃப்ரீசர் இரண்டு நாள், பாதி நிரம்பியது ஒரு நாள். நாலு மணிநேரத்துக்கு மேல் போனால் கீழே இருந்த மீன், இறைச்சி, சமைத்த கறி, தேங்காய்ப்பால், பால் எல்லாம் கழிவுதான். மணந்து பார்த்து முடிவு செய்ய வேண்டாம், நோய்க்கிருமிக்கு மணம் இருக்க வேண்டிய அவசியமில்லை.

கரண்ட் வந்ததும் ஐந்து நிமிடம் பொறுங்கள். நின்ற கொம்பிரசரின் இரண்டு பக்க அழுத்தமும் சமமாக அவ்வளவு நேரம் வேண்டும், அதற்குள் போட்டால் அது சுற்ற முடியாமல் திணறும். வோல்ட்டேஜ் கார்ட் இருந்தால் இதை அதுவே பார்த்துக்கொள்ளும்.

13. திருத்துபவரைக் கூப்பிடும் நேரம்

சில நிமிடத்துக்கு ஒருமுறை 'டிக்' என்று சத்தம் வந்து கொம்பிரசர் ஓடாமல் நின்றால் உடனே பிளக்கைக் கழற்றுங்கள். பல நேரம் ரிலே மட்டும்தான் போயிருக்கும், அது மலிவு. விட்டுப் பார்ப்போம் என்று இரவு முழுக்க விட்டால் கொம்பிரசரின் சுருளே எரிந்துவிடும்.

"காஸ் முடிந்துவிட்டது, அடிக்க வேணும்" என்று சொன்னால் எங்கே கசிகிறது என்று கேளுங்கள். மூடிய குழாயில் சுற்றும் வாயு ஓடி ஓடித் தீர்ந்துபோவதில்லை. குறைந்திருந்தால் ஓட்டை இருக்கிறது, கடற்கரை வீடுகளில் அது பெரும்பாலும் கறள் பிடித்த குழாயில். ஓட்டையை அடைக்காமல் அடிக்கிற காஸ் சில கிழமையில் மறுபடி போய்விடும், காசும் அதோடு போகும்.

உள்ளே சுவருக்குள் ஓடும் குழாயில் கசிவு என்றாலோ, அடிச்சட்டம் கறளால் உதிரத் தொடங்கினாலோ அந்தப் பெட்டிக்கு மேலும் செலவழிக்க நான் சொல்லமாட்டேன். கொடுத்துவிடுவதென்று முடிவானால் அன்றே கதவைக் கழற்றித் தனியாகச் சுவரில் சாத்தி வையுங்கள், பின்னால் உள்ள தண்ணீர்த் தட்டை எடுத்துக் கவிழ்த்துவிடுங்கள். செப்புக் குழாய்க்காகப் பழைய இரும்பு எடுப்பவர் உங்கள் முற்றத்திலேயே வெட்டத் தொடங்கினால் விடாதீர்கள். ஆர் 600 ஏ என்றால் பற்றக்கூடியது, இன்னும் பழைய பெட்டியில் ஆர் 12 இருந்தால் ஓசோன் படலத்தை அரிப்பது. வாயுவைத் தனியாக இறக்கி எடுக்கத் தெரிந்த ஒரு திருத்துபவரிடம் முதலில் கொடுங்கள், இரும்பு பிறகு போகட்டும்.